காவல் அறையில் கேட்டது

தென் சீனாவின் டோங்குவானில் ஒரு ஷூ தொழிற்சாலைக்கு, வாங்குபவர் சார்பில் சரக்குச் சோதிக்க நான் முதன்முதலில் போனது 2006இல். ஆம்பூரில் பழகிய கை. ஷூவை வளைத்துப் பார்த்தாலே பசை சரியாகக் காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். அந்தப் பசையைத் தடவிய பெண் எத்தனை மணிக்கு வேலையில் உட்கார்ந்தாள் என்று கேட்கத் தோன்றியதில்லை.

கேட்க வைத்தவர் வாயில் காவலர். லியாவ்னிங் மாகாணத்து அரசு ஆலை ஒன்றில் இருபது ஆண்டு ஃபிட்டராக இருந்தவர். 1990களின் இறுதியில் அரசு ஆலைகள் கோடிக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியபோது அவரும் வெளியே வந்தார். அவர் காலத்து வேலைக்கு 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்று பெயர்; கீழே போட்டாலும் உடையாது. வீடு, மருத்துவம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஆலையின் பொறுப்பு. அதிகாரிகளும் உடலுழைப்பில் இறங்க வேண்டும், தொழிலாளிகளும் நிர்வாகத்தில் பங்கேற்க வேண்டும் என்ற அன்ஷான் உருக்காலை நெறியை 1960இல் மாவோ ஏற்றார்; அந்த ஆலை இருப்பதும் அதே மாகாணத்தில்தான். "மேலாளரை முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறேன். என்னை அனுப்ப அவரால் முடியாது" என்றார் பெரியவர். சற்று நேரம் கழித்து, "ஆனால் வீடு யாருக்கு என்பதைக் கட்சிச் செயலாளர் முடிவு செய்வார். அவரைத் திட்டியதில்லை" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தால்தான் முதல் வாக்கியத்தை நம்பினேன்.

உள்ளே தையல் பிரிவில் இருந்த பெண்கள் ஹுனான், சிச்சுவான் மாகாணங்களில் இருந்து வந்தவர்கள். செய்யும் வேலையை அவர்கள் 'தாகோங்' என்பார்கள். முதலாளியிடம் கூலிக்கு உழைப்பது என்று பொருள். முதல் மாதச் சம்பளத்தை நிர்வாகம் பிடித்து வைத்திருக்கும். பாதியில் போனால் அது போனதுதான். தொழிற்சங்கத் தலைவர் யார் என்று விசாரித்தேன். பணியாளர் துறை மேலாளரைக் காட்டினார்கள்.

2008இல் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்து வடிவில் ஒப்பந்தம் போட வேண்டும் என்ற விதி கடுமையானது. அந்த ஆண்டு விடுதிப் படிக்கட்டில் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான்கு பெண்கள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தனி ஆளாக வழக்குப் போடுவது எளிதானது. சேர்ந்து நிற்கும் உரிமை மட்டும் திரும்பவில்லை. 1975 அரசியலமைப்பில் இருந்த வேலைநிறுத்த உரிமையை 1982இல் நீக்கியதோடு சரி. என் மனத்தில் தீராத கோபம் இதில்தான்.

உரிமை இல்லாமலே நிறுத்தினார்கள். 2010 மே மாதம் ஃபோஷானின் நான்ஹாயில் ஹோண்டா கியர் பெட்டித் தொழிற்சாலை நின்றதும், சீனாவில் ஹோண்டாவின் கார் ஆலைகள் வரிசையாக நின்றன. வேலைநிறுத்தம் செய்தவர்களோடு கைகலப்புக்கு வந்தவர்கள் உள்ளூர்த் தொழிற்சங்கத்தின் ஆட்கள். நான்கு ஆண்டு கழித்து, எங்கள் ஷூ தொழிலிலேயே, டோங்குவானின் யூ யுவான் ஆலைகளில் சுமார் 40,000 பேர் வெளியே வந்தார்கள். ஓய்வூதியத்துக்கான சமூகக் காப்பீட்டுத் தொகையை உண்மைச் சம்பளத்துக்குக் கட்டாமல் குறைத்துக் கட்டியிருந்தது நிர்வாகம். பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தவர்கள் ஓய்வூதியத்தைக் கணக்குப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. இருபது வயதில் வந்தவர்களுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பும் நாளுக்காகக் கேட்டார்கள்.

அவர்கள் முதலாளியிடம் கேட்டார்கள், அரசிடம் கேட்டார்கள். வேலை நேரத்தை முடிவு செய்த எங்களிடம் கேட்க அவர்களுக்கு வழியே இல்லை. மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்கிறது 1994இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டம். 2009இல் ஒரு நாள், அடிப்பகுதியின் நிறத்தை மாற்றச் சொல்லி வாங்குபவரிடமிருந்து கடைசி நேரத்தில் செய்தி வந்தது. கப்பல் தேதியைத் தள்ளலாமா என்று மேலாளர் கேட்டார். முடியாது என்று நான்தான் சொன்னேன். இரவு இரண்டு மணிக்குப் பசைப் பிரிவுக்குப் போனபோது, ஒரு பெண் தூரிகையைக் கையில் பிடித்தபடியே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்ததும் அவளை அவசரமாகத் தட்டி எழுப்பினாள்.

காலையில் ஷூக்களை வளைத்துப் பார்த்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.