இன்வாய்ஸில் எழுதாத நிமிடங்கள்

1996 முதல் 2003 வரை சத்தியமங்கலம் – தாளவாடித் தடத்தில் நடத்துநராக இருந்தேன். பண்ணாரியில் வண்டியை ஓரங்கட்டி, ஓட்டுநர் கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். அப்புறம் சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஆசனூரில் மறுபடியும் ஒரு சோதனை.

வீரப்பனைத் தேடித் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டு மாநிலப் படைகளும் காட்டுக்குள் இருந்த காலம். நிற்கிறவர்களில் போலீஸ் யார், துணை ராணுவம் யார் என்று எங்களுக்குப் பிரிக்கத் தெரியாது. பச்சை உடுப்பும் துப்பாக்கியும் என்றால் ‘மிலிட்டரி’தான். ஆண்கள் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். பெண்கள் உட்கார்ந்திருக்கலாம், பைகளைத் திறந்து காட்டினால் போதும். கூட்டமில்லாத நாளில் பத்து நிமிடம், சந்தை நாளில் அரை மணி.

சோதனையைவிட, அதற்காக ஜனங்கள் மாற்றிக்கொண்ட கணக்குகள்தான் எனக்கு இன்னமும் நினைவிருக்கின்றன. காட்டுக்குள் வீரப்பனுக்குச் சாப்பாடு போகிறதா என்பது சோதிக்கிறவர்கள் சந்தேகம். அதனால் அரிசி கூடினால் கேள்வியும் கூடும். எத்தனை கிலோ வரை ஆகும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதாததால் ஜனங்களே ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள், அதுவும் வரவரக் குறைந்தது. மாதச் சாமான் வாங்க ஒரு தடவை இறங்கியவர்கள் வாராவாரம் இறங்கினார்கள். எனக்கு டிக்கெட் கூடியது, அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் கூலி போனது. டார்ச் லைட்டுக்கு நாலு பேட்டரி வாங்கினால்கூடக் கடைக்காரரிடம் பில் கேட்டார்கள். அந்தக் காலத்துச் சத்தியில் பேட்டரிக்குப் பில் கேட்ட ஆட்கள் அவர்களாகத்தான் இருக்கும்.

நேரக் கணக்கு இன்னும் மோசம். நடத்துநர் டிக்கெட் கணக்கு எழுதும் தாள்தான் இன்வாய்ஸ். அதில் ஸ்டேஜ் உண்டு, டிக்கெட் நம்பர் உண்டு, சோதனையில் நின்ற நிமிடத்தை எழுத இடமில்லை. “ஏனுங்க, பாதி நேரத்த மலையிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?” என்பார் நேரக்காப்பாளர். எங்களுக்குக் கேலியோடு முடிந்தது. வண்டி இருபது நிமிடம் பிந்தினால் கோயமுத்தூர் வண்டி போயிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதற்குப் பயந்து முந்தின நாளே இறங்கி, சத்தி பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள்.

2000 ஜூலை 30 அன்று வீரப்பனும் ஆட்களும் கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தொட்டகாஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கடத்தினார்கள். ஊர் தாளவாடிக்குப் பக்கம்தான். எல்லை தாண்டும் பேருந்துகள் நின்றுபோயின. தாளவாடி ஜனங்களில் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய, கொள்வினை கொடுப்பினையும் சாமராஜநகர் பக்கம் உண்டு. ஆவணியில் குறித்த கல்யாணங்களைப் பற்றி வண்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 108 நாள் கழித்து அவர் விடுதலையானார்.

வீரப்பன் 2004 அக்டோபரில் கொல்லப்பட்டபோது நான் டவுன் வண்டிக்கு மாறியிருந்தேன். போன வருடம் ஒரு விசேஷத்துக்காகத் திம்பம் ஏறினேன். இப்போது வனவிலங்குகளுக்காக, உயர் நீதிமன்ற உத்தரவில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. மேலே காரப்பள்ளத்தில் கரும்பு லாரிக்காக யானைகள் காத்து நிற்கின்றன. அதுவும் ஒருவகைச் சோதனைதான், கரும்பு கொடுத்தால் விட்டுவிடும்.

முன்னால் உட்கார்ந்திருந்த இளம் நடத்துநரின் சீட்டுக்கு அடியில் யாருடையதோ நாலைந்து பைகள் கிடந்தன. எனக்கு அந்தக் காலத்தில் என் வண்டியில் வந்த ஓர் அம்மா ஞாபகம் வந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று கொஞ்சம் கூடுதலாக அரிசி வாங்கியிருந்தார். பண்ணாரி வரும் முன்னே, “ஏஞ்சாமி, இத உன்ற சீட்டுக்கடியில வெச்சுக்கறயா?” என்று மெதுவாகக் கேட்டார். “வேண்டாங்கம்மா, என் வேலைக்கு வெனையாயிரும்” என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வண்டிக்குள்ளேயே அரிசியைப் பிரித்து, பக்கத்தில் இருந்த மூன்று பெண்களின் பைகளில் போட்டார். மூன்று பேரும் முன்பின் தெரியாதவர்கள். சாவடியில் அவரவர் அரிசி என்றே சொன்னார்கள். ஆசனூரும் தாண்டியதும் திரும்ப அளந்து கொடுத்தார்கள், ஒரு பெண் சேலையை உதறி ஒட்டியிருந்த மணிகளைக்கூடப் பொறுக்கிப் போட்டாள்.

அதற்கப்புறமும் அந்த அம்மா பல வருடம் என் வண்டியில் வந்தார். “ஒரு தாளவாடி” என்பதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.