லோவெல் தறிகளும் எங்கள் சரித்திர மாஸ்டரும்

எங்கள் சரித்திர மாஸ்டரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று சங்கத்தின் ஒவ்வொரு மலரிலும் தேடினேன். இம்முறை நானே எழுதுகிறேன்.

சாதாரண தர வகுப்பில் கைத்தொழிற் புரட்சிப் பாடம். நூற்கும் யந்திரம், விசைத்தறி, நீராவி யந்திரம் என்று ஆண்டோடு பாடமாக்கி ஒப்புவிப்போம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெசினைக் கண்டுபிடிச்சவையின்ரை பேர் சொல்லிப்போட்டியள். அதுக்கு முன்னாலை நிண்டவை ஆர்?" என்பார். புத்தகத்தில் விடை இல்லை, சோதனையிலும் வராது. ஆனாலும் அவர் விடமாட்டார்.

விடையை நான் கண்டது அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரில். மெரிமாக் ஆற்றை வாய்க்கால்களாகப் பிரித்து, அந்த நீரின் விசையால் நெசவாலைகளை ஓட்டுவதற்கென்றே 1820களில் எழுப்பிய ஊர் அது. வாய்க்கால் வெட்டியவர்கள் அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள். தறியில் நின்றவர்கள் அயல் மாநிலங்களின் கமக்காரக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள். ஆலை விடுதியில் ஓர் அறைக்குள் பலர், ஒரு கட்டிலில் இருவர். மணி அடித்தால் எழும்ப வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

அங்குள்ள பூட் ஆலை இப்போது அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் பழைய தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். உள்ளே கால் வைத்ததும் பலகைத் தரை உள்ளங்காலில் அதிர்கிறது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. இத்தனைக்கும் அன்று ஓடியவற்றில் ஒரு பகுதிதான் ஓடுகிறது. நூல் அறாதிருக்க ஈரப்பதம் வேண்டும் என்று யன்னல்களைப் பூட்டியே வைத்தார்களாம். பஞ்சுத் தூசி முழுவதும் நெஞ்சுக்குள். தறியின் குறுக்கே நூலைக் கொண்டோடும் நாடாவில் புதிய தார், அதாவது நூல் சுற்றிய கட்டை, மாட்டும்போது நூலின் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைப்பார். காசநோய் பரவ வேறு என்ன வேண்டும்?

அவர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. கூலியைக் குறைக்கப் போகிறார்கள் என்றதும் 1834இல் வேலையை விட்டு வெளியேறினார்கள். விடுதிக் கட்டணம் கூடியபோது 1836இல் மறுபடியும். பத்து மணி நேர வேலை கேட்டு 1840களில் சட்டசபைக்கு மனு அனுப்பியவர்களை முன்னின்று நடத்தியவர் சேரா பாக்லி. மாஸ்டரின் கேள்விக்குச் சொல்ல எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அந்தப் பத்து மணி நேரம் மாசச்சூசெற்ஸில் சட்டமானது 1874இல்தான்.

அதற்குள் ஆட்கள் மாறிவிட்டார்கள். பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர், கனடாவின் பிரெஞ்சுக்காரர், பிறகு கிரேக்கர், போலந்துக்காரர், போர்த்துக்கீசர் என்று, கடைசியாக வந்தவர்களுக்குக் கடைசி வேலையும் குறைந்த கூலியும் கிடைத்தன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலைக்கு வந்த பருத்தி தென்மாநில அடிமைகள் பறித்தது. அதில் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி, 'லோவெல்' என்ற பெயரோடு அதே அடிமைகளின் உடம்புக்கே போய்ச் சேர்ந்தது. இதை வாசித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அமெரிக்க மிசன் பாதிரிமார் 1815இல் எங்கள் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிய நியூபரிபோர்ட், இதே மெரிமாக் கடலில் கலக்கும் இடம். அதையடுத்து அவர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையம் அமைத்தார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

நம்மில் எத்தனை பேர் இந்த நாடுகளுக்கு வந்த புதிதில் பொதி கட்டும் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தோம்! நானும் நின்றேன். வரிசையில் எனக்கு இடப்பக்கம் ஒரு வியட்நாமியர், வலப்பக்கம் எல் சல்வடோர்க்காரர். சிறுநீர் கழிக்கப் போனாலும் நேரம் குறிப்பார்கள். அப்போது மாஸ்டரின் குரல் காதில் கேட்கும். அதில் எனக்கு ஒரு தெம்பும் இருந்தது.

லோவெல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஊர் வறண்டு, 1978இல் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. 1980களில் அங்கே கம்போடிய அகதிகள் குடியேறினார்கள். சிறுவனாக அகதியாய் அமெரிக்காவுக்கு வந்த சொக்கரி சாவ் 2022இல் அந்த நகரின் மேயரானார்.

சங்கத்தின் கோடைகாலச் சுற்றுலாவுக்கு லோவெல்லையும் சேர்க்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தறிக்கூட வாசலில் காதுக்கு அடைப்பான் தருவார்கள். மாஸ்டர் கேட்ட கேள்வியை அங்கே வைத்து அவர்களிடம் நான் கேட்கிறேன்.