மஞ்சள் பை

சுவரில் ஒட்டிய பொன்மொழிகள் எதுவும் என்னைக் காலை 4.30 மணிக்குப் படிக்க எழுப்பவில்லை. எழுப்பியது அப்பாவின் மஞ்சள் பை. பட்டா பெயர் மாற்றத்துக்காகப் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் அதில் வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தார். ஆறாவது முறை நானும் போனேன். "நாளைக்கு வா" என்றார், என்னைவிட இளையவர் ஒருவர். அறுபது வயதுக்காரரை! அப்பா "சரிங்க" என்று பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

நான் படிப்பது தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு: 200 கேள்விகள், 300 மதிப்பெண். கிராம நிர்வாக அலுவலர் பணியும் அதற்குள்தான் வருகிறது. போன முறை கணக்கில் கோட்டை விட்டேன்; கூட்டுவட்டி என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். இப்போது தினமும் 20 கணக்கு.

பட்டா பிறகு வந்துவிட்டது. பை என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. துவைத்துத் தருகிறேன் என்று அம்மா கேட்டாள், கொடுக்கவில்லை.