மடக்குக் கத்திக்கு ஒரு தோல் உறை

மடக்குக் கத்தியைக் கிளிப்பால் பேண்ட் பாக்கெட்டில் மாட்டிக்கொள்வது எனக்கு ஒத்துவரவே இல்லை. குனிந்து உட்கார்ந்தால் இடுப்பில் குத்தும். பாக்கெட் ஓரம் நைந்துபோகும். கிளிப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டால் சாவிக்கொத்தோடு உரசிப் பிடி முழுக்கக் கீறல். விலைக்குக் கிடைக்கும் நைலான் உறைகளோ பல அளவுக் கத்திகளும் நுழையும்படி தைத்தவை, அதனால் எதையும் இறுகப் பிடிக்காதவை. மூடி, பட்டன், வெல்க்ரோ எதுவும் இல்லாமல் தோலின் பிடிப்பிலேயே கத்தி நிற்க வேண்டும், ஒரு கையால் உருவ வேண்டும். அப்படி ஒன்று வேண்டுமென்றால் நாமே செய்துகொள்வதுதான் வழி என்று இறங்கினேன்.

முதலில் தோல். மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோல்தான் இதற்கு வேண்டும். இன்று சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டது. கைப்பைக்கும் ஷூவுக்கும் அருமையானது, ஆனால் நனைத்து அழுத்தினால் வடிவம் நிற்காது, காய்ந்ததும் பழையபடி தொளதொளத்துவிடும். தாவரப் பதனீட்டுத் தோல் அப்படியல்ல. நனைந்தால் பிசைந்த களிமண்போல் இணங்கும், காய்ந்தால் கொடுத்த வடிவத்திலேயே இறுகும். வெட்டுமுகத்தைப் பார்த்தே இரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம். சாயமிடாத தாவரத் தோலின் நடுப்பகுதி வெளிர் பழுப்பாக இருக்கும்; குரோம் தோலில் நீலச் சாம்பல் தட்டும். தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் எடுத்தேன். மூன்றைத் தாண்டினால் சின்னக் கத்தியின் வளைவுகளைத் தோல் வாங்காது, இரண்டுக்குக் கீழே போனால் உறை விறைப்பாக நிற்காது. பழைய பெல்ட்டை வெட்டிச் செய்துவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். அவற்றில் பல, தோல் தூளைப் பசையில் குழைத்து மேலே பூச்சு கொடுத்தவை. தண்ணீரில் போட்டால் அடுக்கடுக்காக உரிந்துவரும்.

உறையை இரண்டு துண்டுகளாகத் திட்டமிட்டேன். பின்துண்டு தட்டை. முன்துண்டு மட்டும் கத்தியின் வடிவத்தில் புடைத்திருக்கும். ஒரே துண்டை மடித்துத் தைப்பது எளிதுதான், ஆனால் அது இருபுறமும் புடைத்து இடுப்பில் உருளும். தட்டை முதுகு உடம்போடு ஒட்டிக் கிடக்கும்.

என் கத்தி மடக்கிய நிலையில் 11 சென்டிமீட்டர் நீளம், 3 அகலம், ஒன்றரை தடிமன். முன்துண்டின் அகலத்துக்குக் கணக்கு இதுதான்: கத்தியின் அகலம், இரு பக்கமும் ஏறி இறங்கத் தடிமன் இரண்டு மடங்கு, தையலுக்குப் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர். மொத்தம் 8. அதற்கு மேலும் தாராளமாகவே வெட்டினேன். காய்ந்த பிறகு நறுக்கிக்கொள்ளலாம், ஒட்டுப்போட முடியாது. தோலில் கைவைக்கும் முன் அட்டையில் வெட்டிக் கத்தியைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அட்டைக்கு விலையில்லை.

கத்தி எந்தப் பக்கமாக உள்ளே போக வேண்டும் என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அலகு சுழலும் அச்சு மேலே இருக்கும்படி வைத்தேன். அச்சு கீழே போனால் அலகின் முனை வாய்ப்பக்கம் வரும். கத்தி துளி திறந்திருந்தாலும் எடுக்கப்போகும் விரலில் குத்தும். அச்சு மேலிருந்தால் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் குமிழும் வாய்க்கு அருகிலேயே இருக்கும். இந்தக் குமிழ் ஒரு தொந்தரவு. தோலைக் கத்திமேல் அப்படியே அழுத்தினால் குமிழுக்கும் ஒரு குழி விழும், உருவும்போது அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் குமிழிலிருந்து உறையின் வாய்வரை, குமிழின் உயரத்துக்கே சீவிய ஒரு மரக்குச்சியைக் கத்தியோடு டேப் போட்டு ஒட்டிவிட்டேன். குழிக்குப் பதில் ஒரு வாய்க்கால் விழும், குமிழ் அதன் வழியே தடையில்லாமல் வெளியே வரும்.

அடுத்தது அழுத்தும் சட்டம். கத்தியின் தடிமனுள்ள ஒரு பலகையில் கத்தியின் வடிவத்தை வரைந்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூட்டி அறுத்து எடுத்தேன். தோலின் தடிமனுக்குத்தான் அந்தக் கூடுதல். இல்லாவிட்டால் சட்டம் இறங்காது, இறங்கினாலும் தோலைக் கிழிக்கும். கத்தியைப் பாலித்தீன் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். துரு பயம் ஒன்று. இன்னொன்று, தாவரத் தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை விழும், பிறகு போகாது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து எழுதுமை காய்ச்சியது இதே வினையை வைத்துத்தான். சட்டத்தை இறுக்கும் கிளாம்ப் பிடிக்கும் இடத்திலும் தோலுக்கும் இரும்புக்கும் நடுவே மரத்துண்டு கொடுக்க வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் முன்துண்டை முக்கினால் காற்றுக் குமிழ்கள் கிளம்பும். அவை நின்றதும் எடுத்து, சொட்டுவது நிற்கும்வரை விட்டு, தட்டைப் பலகைமேல் கிடக்கும் கத்தியின்மேல் போர்த்தி, சட்டத்தை மேலே வைத்துக் கிளாம்ப்பை இறுக்கினேன். மூலைகளில் விழும் சுருக்கங்களை விரலாலும் கரண்டியின் பின்புறத்தாலும் தேய்த்துத் தேய்த்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். நகம் பட்டால் தடம் நிரந்தரம். இந்த வேலையில் அவசரம் கூடாத இடம் இதுதான், கத்தியைப் பிடித்து வைக்கப்போவது இந்த அழுத்தம்தான். தையல் இரண்டு தோல்களை மட்டுமே பிடிக்கிறது.

காய்வது நிழலில். வெயிலிலோ சூடான காற்றிலோ வைத்தால் தோல் சுருங்கி மொறமொறவென்று ஆகிவிடும். பழைய வெளிர் நிறம் முழுக்கத் திரும்பும்வரை சட்டத்தைக் கழற்றவில்லை.

அது காயும்போது பின்துண்டு. பெல்ட் நுழையும் வளையம் தனித்துண்டு அல்ல. பின்துண்டையே மேலே நீளமாக விட்டு, பின்பக்கமாக மடித்துக் கீழே தைப்பது. பின்துண்டின் வழவழப்பான பக்கம் கத்தியைப் பார்த்தும், சொரசொரப்பான சதைப்பக்கம் உடம்பைப் பார்த்தும் இருந்தால், மடிந்த வளையத்துக்குள் பெல்ட்டை இருபுறமும் சதைப்பக்கம் பிடிக்கும், உறை நழுவாது. 38 மில்லிமீட்டர் பெல்ட்டுக்கு வளையத்தின் உள்ளளவு 45 வைத்தேன். மடிந்து வரும் நுனியைச் சீவி மெலிதாக்கவில்லை என்றால் அங்கே ஒரு முண்டு நிற்கும். முன்துண்டைச் சேர்ப்பதற்கு முன்பே வளையத்தைத் தைத்துவிட வேண்டும், பிறகு ஊசி உள்ளே போக வழியில்லை. உறையின் வாய் ஓரமும் அப்படித்தான். கட்டைவிரலுக்கு ஒரு பிறைக் குழிவு வெட்டி, உப்புத்தாள் போட்டு மெருகேற்றிவிட்டே ஒட்டினேன்.

ஒட்டும்போது ஒரு நுணுக்கம். வழவழப்பான பக்கத்தில் பசை பிடிக்காது. தையல் வரும் ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு பக்கமும் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்துத் தட்டினேன்.

தையலுக்கு ஒரே நூல், இரண்டு முனைக்கும் ஒவ்வொரு ஊசி. ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு மெல்லிய பள்ளம் கீறினால் நூல் அதில் பதிந்து உராய்விலிருந்து தப்பும். 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, குத்தூசியால். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வெளியேறும். எந்த ஊசி முதலில் என்பதைக் கடைசிவரை மாற்றக்கூடாது, மாற்றினால் தையலின் சாய்வு குலையும். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்தாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் இறுக்க முடியாது. இயந்திரத் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசை தளர ஆரம்பிக்கும். இதில் ஒரு கண்ணி போனாலும் மறுநூல் தாங்கிக்கொள்ளும். மெழுகு நூலைத் தையல் நீளத்தின் ஆறு மடங்கு எடுத்தேன். கடைசியில் இரண்டு கண்ணி பின்னோக்கித் தைத்து ஒட்ட நறுக்கினால் போதும், முடிச்சு வேண்டாம்.

ஓரங்களை ஒன்றாக நறுக்கி, உப்புத்தாளை 220, 400, 600 என்று நைசான எண்ணுக்கு ஏற்றிக்கொண்டே போய், லேசாக ஈரம் தொட்டு மரக்குச்சியால் வேகமாகத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். மேலே கொஞ்சம் தேன்மெழுகு. சாயம் போடுவதானால் மெழுகுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். நான் போடவில்லை, வெயில்பட்டும் கைப்பட்டும் தானாகவே பழுக்கட்டும் என்று விட்டேன்.

புதிதில் கத்தி உருவ வராத அளவுக்கு இறுக்கம் இருக்கும். எண்ணெயை ஊற்றி இளக்கத் தோன்றும், அதைச் செய்தால் பிடிப்பே போய்விடும். கத்தியைக் கூடுதலாக ஒரு சுற்றுத் தாள் சுற்றி இரவு முழுக்க உள்ளே விட்டுவைத்தால் அளவாகத் தளரும். மாறாக, எங்காவது தளர்ந்துபோனால் அந்தப் பகுதியை நனைத்து, பாலித்தீன் சுற்றிய கத்தியை உள்ளே வைத்து மறுபடி அழுத்திக்கொள்ளலாம்.

நாள் முழுக்க இடுப்பில் இருக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் எடுத்துவைக்கும் கத்தியை இதற்குள் வைப்பதில்லை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பித்தளைப் பாகங்களில் பச்சை பூக்கும். அப்போது உறை தனியாக, கத்தி தனியாக.