வைப்பர் பிளேடு மாற்றியும் போகாத கடகட சத்தம்

போன ஐப்பசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது திண்டிவனம் தாண்டியதும் பிடித்தது மழை, ராத்திரி ஒன்பது மணி இருக்கும், வைப்பர் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் என் கண்ணுக்கு நேராக ஒரு சாண் அகலத்துக்குத் துடைக்காத பட்டை ஒன்று அப்படியே நிற்கிறது, எதிர்ப்பக்க லாரி வெளிச்சம் அதில் பட்டால் ரோடே தெரியவில்லை. பயந்துவிட்டேன். ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கி மழை விடும்வரை நின்றுவிட்டுத்தான் கிளம்பினோம்.

மறுநாள் காலையில் பிளேடைத் தூக்கிப் பார்த்தேன். ரப்பர் ஒரு பக்கமாகவே மடிந்து விறைத்துப் போயிருந்தது. நல்ல ரப்பர் என்றால் வைப்பர் கை (பிளேடைத் தாங்கும் கம்பி) திரும்பும் ஒவ்வொரு தடவையும் விளிம்பு மறுபக்கம் சாய வேண்டும், அப்போதுதான் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். விறைத்துவிட்டால் ஒரு திசையில் துடைக்கும், மறு திசையில் கடகடவென்று கண்ணாடியின் மேல் குதிக்கும். வண்டி நாள் முழுக்க மொட்டை வெயிலில் நிற்பதுதான் இதற்குக் காரணம், ஓடிய கிலோமீட்டருக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

அளவை டேப் வைத்து எடுத்தேன்: டிரைவர் பக்கம் 21 இன்ச், இடது பக்கம் 18. இரண்டும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலான கார்களில் வேறு வேறுதான். ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அளவைச் சொன்னதும் கடைக்காரர், "கொக்கி டைப்பா சார், போட்டோ இருக்கா?" என்று கேட்டார். நல்லவேளை, போனில் எடுத்து வைத்திருந்தேன். என்னுடையதில் பிளேடு மாட்டும் கை நுனி ‘யு’ மாதிரி வளைந்த சாதாரண கொக்கி. பழைய பிளேடின் இரும்பு ஃபிரேமில் மூட்டுக்கு மூட்டு துரு ஏறி அசையாமல் இருந்ததால், இந்தத் தடவை ஃபிரேம் இல்லாத வகையையே வாங்கினேன்.

மாற்றுவது நிஜமாகவே பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் ஒன்று: முன் கண்ணாடி மேல் தடிமனான துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு இல்லாத வெறும் கையை ஸ்பிரிங் இழுத்து ‘டப்’பென்று அடித்தால் கண்ணாடி விரிசல் விடும், பிளேடு வாங்கிய காசைப் போலப் பல மடங்கு அதற்கு ஆகும். கையைத் தூக்கி நிறுத்தி, பிளேடின் நடுவில் இருக்கும் சின்ன லாக்கை அழுத்திக்கொண்டு, பிளேடைக் கையின் அடிப்பக்கமாக இழுத்தால் கொக்கியிலிருந்து கழன்றுவிடும். எனக்கு இடது பக்கம் மண் அடைத்து வரவில்லை, பழைய டூத்பிரஷால் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகுதான் வந்தது. புதியதைக் கொக்கிக்குள் விட்டு மேலே இழுத்தால் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்க வேண்டும், கேட்டபிறகும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ரப்பர் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது, அதை உருவ மறக்க வேண்டாம்.

சரி, முடிந்தது என்று தண்ணீர் பீய்ச்சி ஓட்டிப் பார்த்தால் அதே கடகட சத்தம்! பட்டை மறைந்திருந்தது, ஆனால் பிளேடு வழுக்காமல் தத்தித் தத்திப் போனது. மனசே விட்டுப்போனது. ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கண்ணாடியைக் கவனித்தேன், ஊற்றிய தண்ணீர் பரவி ஓடாமல் முத்து முத்தாக நின்றது. வாட்டர் வாஷில் பாடிக்குப் போட்ட பாலிஷைக் கண்ணாடியிலும் தேய்த்திருக்கிறார்கள். அதற்கு அடியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரின் உப்புக் கறை வேறு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனது. முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன், எண்ணெய்ப் பிசுக்கு அதில்தான் போகும். அப்புறம் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் நனைத்துக் கறை மேல் ஐந்து நிமிடம் போர்த்தி வைத்தேன், உப்பு கரைந்து வந்தது. பெயின்ட் மேல் வழியாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டு அலசினேன். புதுப் பிளேடு ரப்பரையும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன், துணியில் கறுப்பாக வந்தது. இப்போது தண்ணீர் ஊற்றினால் மெல்லிய படலமாகப் பரவி இறங்குகிறது.

புதன்கிழமை சாயங்காலம் வேளச்சேரியில் நல்ல மழை. வேண்டுமென்றே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சத்தமே இல்லை, எதிரே வந்த பஸ்ஸின் நம்பர் பிளேட்டைக்கூடப் படிக்க முடிந்தது. இடது பக்க மேல் மூலையில் மட்டும் ஒரு மெல்லிய கோடு நிற்கிறது, அந்த இடத்தை இன்னொரு தடவை வினிகர் போட்டுப் பார்க்க வேண்டும். பின் கண்ணாடி வைப்பரை இன்னும் தொடவில்லை, அதன் கொக்கி வேறு மாதிரி இருக்கிறது, கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.