நாலடி தள்ளிப் படுத்த புரூனோ

பெர்லினுக்கு நான் வந்தது 2018 நவம்பரில். நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதம். அலுவலகத்தில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். காலையில் ஒரு வணக்கம், பன்னிரண்டு மணிக்கு 'மால்ட்சைட்' என்று சாப்பாட்டு நேர வாழ்த்து, அவ்வளவுதான் பேச்சு. முதல் வாரத்தில் என்னைத் தேடி வந்தது புரூனோ மட்டும்தான்.

புரூனோ எதிர் மேசைக்காரரின் லாப்ரடார். இங்கே பல அலுவலகங்களுக்கு நாயைக் கூட்டி வரலாம். 'பியூரோஹுண்ட்', அதாவது அலுவலக நாய், என்று தனிப்பெயரே உண்டு. மதுரையில் தெருநாய்க்குப் பயந்து சந்து மாறிப் போய்ப் பழகிய எனக்குக் கை நடுங்கியது. அது புரிந்ததோ என்னவோ, கிட்டே வராமல் நாலடி தள்ளிப் படுத்துக்கொண்டது. மறுநாள் இரண்டடி. வெள்ளிக்கிழமை, ஜெர்மனில் வந்த நீளமான மின்னஞ்சலோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, என் ஷூவின் மேல் தாடையை வைத்துத் தூங்கியே போனது. காலை அசைக்க மனசு வரவில்லை. பாதம் மரத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நல்ல சக ஊழியர் யார் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நாலடிதான் நினைவுக்கு வரும். புது ஆளைக் கேள்வி கேட்டுத் துளைக்காமல், தனியாகவும் விட்டுவிடாமல், கண்ணில் படும் தூரத்தில் இருப்பது. இன்னொன்றும் உண்டு. மேலாளர் வந்தாலும், சாயங்காலம் துப்புரவுக்கு வரும் அம்மா வந்தாலும், புரூனோ எழுந்து போய் ஒரே மாதிரிதான் வாலாட்டும்.

அப்புறம் எங்கள் பூனை. பெர்லினின் ஃபால்கென்பெர்க் பகுதியில் இருக்கும் விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த சாம்பல் நிறத்துக்காரி. (பெர்லினில் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ வரி, பூனைக்குக் கிடையாது. நாங்கள் பூனையை எடுத்தது அதற்காக இல்லை. பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை.) தடவியது போதும் என்றால் வால் நுனியை இரண்டு முறை தரையில் தட்டுவாள். அதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டால் நகம் வெளியே வராது.

அவளோடு பழகிய பிறகுதான் எங்கள் குழுவில் சோதனைப் பணி பார்க்கும் அம்மையார் எனக்குப் பிடிபட்டார். 'வெள்ளிக்குள் முடியாது' என்று திங்களன்றே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். முதலில் அது என்னைச் சுட்டது. முடியாது என்பதை 'பார்க்கலாம்' என்று சொல்லியே வளர்ந்தவன் நான். ஆனால் அவர் முடியும் என்று சொன்ன வேலை ஒருநாளும் தள்ளிப்போனதில்லை.

புரூனோ இப்போது இல்லை. அதன் விரிப்பை எதிர் மேசைக்காரர் இன்னும் எடுக்கவில்லை.

போன மாதம் திருச்சியிலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் ஊர் மட்டும் கேட்டேன். இரண்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கு அவர் மேசைப் பக்கம் போய், "சாப்பிடப் போகலாமா? நான் தயிர்சாதம் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன்.