வெப்பக் கணக்கு: சாங்தாங்கின் குளிரில் ஓர் ஆவணப்படம்

லடாக்கின் கிழக்கே திபெத்தை நோக்கி விரியும் சாங்தாங் மேட்டுநிலத்தைப் படமெடுக்கச் செல்வோரில் பெரும்பாலோர் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போய்த் திரும்பிவிடுகிறார்கள். பாதை திறந்திருக்கும், ஏரி நீலமாக இருக்கும், ஆடுகளைச் சீவிப் பஷ்மினா எடுக்கும் வேலையையும் கோடையின் தொடக்கத்தில் பார்த்துவிடலாம். நாங்கள் எடுக்க விரும்பியதோ அந்த ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தை. அது பிப்ரவரி பிற்பாதியிலும் மார்ச்சிலும், இரவுக் குளிர் மைனஸ் 25 டிகிரி வரை இறங்கக்கூடிய நாட்களில் வருகிறது. ஒளிப்பதிவு, இயக்கம் இரண்டும் என் பொறுப்பு. உடன் ஓர் ஒலிப்பதிவாளரும், சோ மொரிரி ஏரிக்கரையிலுள்ள கோர்சோக் ஊரைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளரும், லே நகரிலிருந்து ஓர் ஓட்டுநரும் இருந்தார்கள். சென்னையில் உட்கார்ந்து பட்ஜெட் போட்டபோது கருவி வாடகை, வண்டி, சம்பளம் என்று பணத்தைத்தான் எண்ணினோம். அங்கே போன பிறகு எண்ண வேண்டியிருந்தது வெப்பத்தை.

அனுமதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். லடாக் 2019 அக்டோபர் 31 முதல் தனி ஒன்றியப் பகுதியாக இருப்பதால் மனுக்கள் ஸ்ரீநகருக்கு அலைவதில்லை என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் ஒரே மனு எல்லாவற்றுக்கும் போதாது. சோ மொரிரி ஏரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002-இல் சேர்க்கப்பட்ட, வனவிலங்குத் துறையின் பாதுகாப்பில் உள்ள ஈரநிலம். அதோடு, சீனாவுடனான அசல் கட்டுப்பாட்டு எல்லைக்கோடு அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆகவே மாவட்ட நிர்வாகம், வனவிலங்குத் துறை, படையினர் என்று மூன்று தரப்புக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. அந்த மனுக்களில் எங்களுக்குப் பயன்பட்டது நான் மெனக்கெட்டு எழுதிய கதைச்சுருக்கமன்று. ஆட்களின் அடையாள அட்டை நகல்கள், வண்டி எண், கருவிகளின் வரிசை எண்ணோடு கூடிய பட்டியல், டிரோன் கொண்டுவரவில்லை என்ற உறுதிமொழி ஆகிய நான்கும்தான். டிரோன் இல்லை என்றதும் தயாரிப்பாளரின் முகம் வாடியது. மேலிருந்து பார்க்கும் ஏரி இல்லாமல் லடாக்கைப் பற்றி ஒரு படம் இருக்க முடியும் என்பதை இன்றைக்கு யாரையும் நம்ப வைப்பது கடினம்.

தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் என்பதால் அதையும் எடுத்துச் செல்லவில்லை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் வேண்டும். எங்கள் முகாமில் அதற்கும் சிக்னல் கிடையாது. ஆகவே அவசரத்துக்கு எங்களுக்கிருந்த ஒரே ஏற்பாடு வண்டிதான். எந்த நேரத்திலும் கீழேயுள்ள சுமாதாங் ஊர் வரை இறங்கப் போதுமான எரிபொருள் அதில் இருக்க வேண்டும், அந்த எரிபொருளைப் படப்பிடிப்பின் வேறெந்தத் தேவைக்கும் தொடக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டோம். சாதாரண டீசல் அந்தக் குளிரில் உறைந்துவிடும். உறையாத குளிர்கால டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் காலையில் டாங்கின் அடியில் நெருப்பு மூட்டித்தான் வண்டியைக் கிளப்புவோம் என்று ஓட்டுநர் சாதாரணமாகச் சொன்னார்; எனக்குக் கேட்கவே நடுக்கமாக இருந்தது.

கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தின் தரத்தைவிட மின்சாரச் செலவையே அளவுகோலாகக் கொண்டேன். உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டதென்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் இடமே இல்லை. எனவே 98 வாட்-மணி பேட்டரிகளை மூன்று பேரின் பைகளில் பங்கிட்டுக்கொண்டோம். பெரிய சினிமா கேமராவை விட்டுவிட்டு, அதில் பாதி மின்சாரத்தில் ஓடும் சிறிய கேமராவை எடுத்தேன். பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி உண்டு. சுழலும் ஹார்டு டிஸ்கின் வாசிப்பு முனை மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதந்துதான் இயங்குகிறது. அதனால் பெரும்பாலான வட்டுகளுக்கு ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் வரைதான் நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன. கோர்சோக் இருப்பதோ 4,500 மீட்டரில். ஆகவே நகலெடுக்கச் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வட்டுகளை மட்டுமே பயன்படுத்தினோம். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றும் இருந்தது. காற்றின் அடர்த்தி குறைவதால் அந்த உயரத்தில் அது ஏறத்தாழப் பாதித் திறனைத்தான் தரும் என்று கணக்கிட்டே வாங்கினோம்.

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து டெல்லி வழியாகப் பறந்து இறங்குபவரின் உடலுக்கு அந்த ஏற்றத்தின் படிகள் எதுவும் தெரிவதில்லை. முதல் இரண்டு நாட்கள் படுக்கையும் வெந்நீரும்தான் என்று கண்டிப்பாக இருந்தோம். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. அதன்படி லேயில் கூடுதலாகவே தங்கி, சிந்து நதிக்கரையில் 4,000 மீட்டரை ஒட்டிய உயரத்திலுள்ள சுமாதாங்கில் இடையில் தங்கி, மாஹே பாலத்தைக் கடந்து கோர்சோக் போனோம். மருத்துவரின் ஆலோசனைப்படி, உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை எடுத்துக்கொண்டோம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியில் எண்ணைப் பார்த்துக் கலங்குவதைவிட, நேர்க்கோட்டில் நடக்க முடிகிறதா, ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று ஒருவரையொருவர் கவனிப்பதே நம்பகமான வழி. அறிகுறி கடுமையானால் மருந்து, ஆக்சிஜன் எல்லாம் துணைக்குத்தான். உண்மையான மருத்துவம் உடனே கீழிறங்குவது. கடல்மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவான காற்றழுத்தத்தில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நூறடி நடந்துவிட்டு உடனே ஃபோக்கஸ் பிடிக்க முடியாது. மூச்சு சீராகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆடு போய்விடும். ஆகவே ஆட்டைத் துரத்திப் போவதை விட்டு, ஆடு வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கப் பழகினோம்.

முகாமில் எங்களை ஏற்றுக்கொண்ட குடும்பம் ஒரு பாட்டி, அவருடைய மகன், மருமகள், மூன்று குழந்தைகள். ஊர்த் தலைவரான கோபாவிடம் முதலில் பேசி, அவர் வழியாகவே அந்தக் குடும்பத்திடம் போனோம். பாட்டியை மொழிபெயர்ப்பாளரைப் போலவே நாங்களும் ‘அபி-லே’ என்று அழைத்தோம். அவர்களுடைய யாக் மயிர்க் கூடாரமான ரெபோவின் நடுவில் ஓர் அடுப்பு; எரிபொருள் காய்ந்த சாணம். மரமே இல்லாத அந்த நிலத்தில் கோடை முழுக்கச் சேர்த்து அடுக்கிய சாணம்தான் குளிர்காலத்தின் சேமிப்பு. நாங்கள் அந்த அடுப்பருகே உட்கார்ந்த ஒவ்வொரு மணி நேரமும் அந்தச் சேமிப்பிலிருந்து செலவாகிறது என்பது இரண்டாம் நாளே புரிந்தது. எங்களுக்கென்று தனிக் கூடாரமும் மண்ணெண்ணெய் அடுப்பும் கொண்டுபோயிருந்தோம். பியூட்டேன் வாயு அந்தக் கடுங்குளிரில் சரியாக ஆவியாகாது என்பதால் சிறு வாயு அடுப்புகள் பயன்படா. ரெபோவுக்குள் படமெடுக்கும் நாட்களில் எங்கள் மண்ணெண்ணெயையும் ஓர் அடுப்பையும் அவர்களிடம் விட்டுவிடுவது என்று பேசிக்கொண்டோம். தங்குவதற்கும் உணவுக்கும் கொடுத்த பணத்தைவிட அந்த ஏற்பாடுதான் அவர்களுக்கு மதிப்புள்ளதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

லித்தியம் பேட்டரி மைனஸ் 20-இல் தன் கொள்ளளவில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. சூடேறினால் மீண்டும் உயிர் பெற்றுவிடும். ஆகவே ‘தீர்ந்துவிட்டது’ என்று கேமரா காட்டும் பேட்டரியை வெளிப்பையில் போடாமல் உள்சட்டைக்குள் வைத்துக்கொள்வோம். குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் செய்வதுதான் ஆபத்து. சுழியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். இரவு முழுவதும் பேட்டரிகளைத் தூக்கப்பையில் எங்களோடு வைத்துக்கொண்டு, காலையில் வெயில் ஏறியதும் கூடாரத்தின் தென்புறம் கறுப்புத் துணிமேல் வெதுவெதுப்பாக்கிய பிறகே சோலார் பலகையோடு இணைப்போம். ஒலிப்பதிவாளரும் நானும் ஆளுக்கு ஐந்தாறு பேட்டரிகளோடும், குடிநீர்ப் புட்டியோடும், காண்டாக்ட் லென்ஸ் திரவத்தோடும் படுத்த அந்தத் தூக்கப்பையில் கால் நீட்ட இடம் இருந்ததில்லை.

குளிர்ந்த கேமராவை மனிதர் மூச்சும் தேநீர் ஆவியும் நிறைந்த ரெபோவுக்குள் நேரே கொண்டுபோனால் கண்ணாடி வில்லைகளுக்கு உள்ளேயே நீர் படியும். காற்றுப் புகாத பையில் மூடி, உள்ளே வைத்துச் சூடேறும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டும். அப்படிச் சூடேற்றிய கேமராவைக் குட்டி ஈனுகிறது என்ற சத்தம் கேட்டு வெளியே கொண்டு ஓடலாம், படியாது. ஆனால் திரும்பி உள்ளே வர முடியாது. ஆகவே ஒரு நாள் என்பது உள்ளே எடுக்கும் நாள் அல்லது வெளியே எடுக்கும் நாள் என்று பிரிந்துவிட்டது. இரண்டு கேமரா வைத்திருந்தால் தீர்ந்ததே என்று தோன்றும். இரண்டாவது கேமரா இருந்தது. அதற்கான மின்சாரம்தான் இல்லை.

படத்தின் நடையை இந்தக் கணக்குதான் தீர்மானித்தது என்று சொல்வேன். முக்காலித் தலையின் உள்ளிருக்கும் திரவம் கெட்டியாகி, பக்கவாட்டில் நகர்த்தும் அசைவு திக்கித் திக்கி வரும். எனவே படம் முழுக்க நிலையான காட்சிகள். ஃபோக்கஸ் வளையத்தைத் தடித்த கையுறையோடு திருப்ப முடியாது, வெறுங்கையோடு சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. எனவே ஆழமான ஃபோக்கஸ், அகன்ற வில்லை, நெருங்கி நிற்றல். பனியிலும் உறைந்த ஏரியிலும் பட்டுத் தெறிக்கும் நண்பகல் வெளிச்சத்தில் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டும் தாங்காது என்பதால் காலையும் மாலையும் மட்டுமே வெளியே. காற்று மதியத்துக்கு மேல் எழும்பினால் ஒலிப்பதிவாளர் கையை விரித்துவிடுவார்.

இரவு ஈற்றுகள்தான் கடினம். படப்பிடிப்பு விளக்குகளைப் பயன்படுத்தினால் ஆடுகள் மிரண்டு கல்பட்டியின் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; பிறந்த குட்டி மிதிபட்டுச் சாகும். அவர்கள் பயன்படுத்தும் தலைவிளக்கின் வெளிச்சமே போதும் என்று முடிவெடுத்தேன். படத்தில் புள்ளிகள் பொரிந்து தெரிகின்றன. அந்தக் காட்சிகளுக்கு அது பொருந்தியும் போயிற்று. மருமகள் ஈரக்குட்டியைத் துணியால் துடைத்து, அங்கியின் மடிப்புக்குள் போட்டுக்கொண்டு ரெபோவுக்கு ஓடும் காட்சியை ஒரே துண்டாக எடுக்க முடிந்தது அதனால்தான். குட்டிகளை அடுப்பருகே இரவெல்லாம் காப்பதைப் பார்த்தபோது, மந்தையோடு ஊர் ஊராகப் போய் மேய்க்கும் நம் இராமநாதபுரத்துக் கீதாரிகள் கூடை கவிழ்த்துக் குட்டிகளை அடைத்து வைப்பது நினைவுக்கு வந்தது. அங்கே பயம் நரிக்கு. இங்கே ஓநாயைவிடவும் குளிருக்கு. ஈரம் காய்வதற்குள் உறைந்துவிட்ட குட்டிகளும் உண்டு. அவற்றைப் படமெடுக்கலாமா என்று அபி-லேயிடம் கேட்டதற்கு, ‘நடந்ததுதானே, எடுத்துக்கொள்’ என்றார். ஆனால் அந்த நேரத்தில் மருமகளின் முகத்துக்கு நேராகக் கேமராவைத் திருப்பவில்லை. அந்தக் காட்சி கைகளோடு நிற்கிறது.

ஒப்புதல் வாங்குவதில் நாங்கள் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதோடு நிற்கவில்லை. கர்னாக் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் மேய்ச்சலை விட்டு லே அருகிலுள்ள கர்னாக்லிங்கில் குடியேறிவிட்டன; இந்தக் குடும்பத்திலும் அதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மூத்த பேரன் பள்ளிப்படிப்புக்காக லே போய்விட்டால் பட்டிக்கு ஆளில்லை. அதைப் பற்றி மகன் கேமரா முன் வெளிப்படையாகப் பேசினார். மறுநாள் அந்தப் பேச்சின் ஒரு பகுதி வேண்டாம் என்றார், நீக்கிவிட்டோம். எடுத்ததை ஒவ்வொரு சில நாட்களுக்கும் மடிக்கணினியில் அவர்களுக்குக் காட்டுவதற்கென்றே கொஞ்சம் மின்சாரத்தை ஒதுக்கி வைத்திருந்தேன்.

அப்படிக் காட்டியபோதுதான் தெரிந்தது, திரையில் ஒரு காது தெரிந்தாலும் எந்த ஆடு, அதன் தாய் எது, எந்த ஆண்டு ஈன்றது என்று குழந்தைகள் உட்பட எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள் என்பது. இயற்கைப் படங்களில் ஒரு விலங்கின் காட்சிக்கு இன்னொரு விலங்கின் நெருங்கிய காட்சியை ஒட்டி ஒரே கதையாக்குவது வழக்கமான வேலை. பார்ப்பவருக்குத் தெரியாது, யாரும் கேட்பதில்லை. இந்தப் படத்தின் முதல் பார்வையாளர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே ஆட்டின் அடையாளத்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். சென்னையில் படத்தொகுப்பின்போது அந்த நோட்டு மேசையிலேயே இருந்தது. தாயின் காட்சி இருந்து அதே குட்டியின் காட்சி இல்லாத ஈற்றுகளை, எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், நீக்கிவிட்டோம். தயாரிப்பாளர் எதிர்பார்த்த நீளத்தைவிடப் படம் பன்னிரண்டு நிமிடம் குறைந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக மீண்டும் ஜூனில் போய்ப் பஷ்மினா சீவுவதை எடுக்கலாமே என்று அவர் கேட்டிருக்கிறார். கோபாவிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.